கணக்கு சரியாகத்தான் வந்தது

அந்த யோசனை எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாவுக்கு உதித்தபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எங்கள் எதிரே ஒரு காட்டுப்பன்றி, பன்றியென்று அடையாளம் தெரியாதபடி, தேக்கிலைகளில் துண்டு துண்டாகக் கிடந்தது. திண்ணனூர் நாட்டு ஆண்கள் வேட்டைக்குப் போய் வந்திருந்தார்கள். ஊர்க்கவுண்டரின் தம்பி குத்துக்காலிட்டு உட்கார்ந்து கூறு போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு ஒரு கூறு. முதலில் பாய்ந்து பிடித்த நாய்க்கு ஒரு கூறு. கீழ்கரை நல்லம்மா அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள்; அவள் வீட்டுக்கு ஒன்று போக, வயிற்றில் இருந்ததற்குத் தனியாக ஒன்று.

"எவ்வளவு வைக்கிறீர்கள்?" என்று கேட்டார் அவர்.

கூறு போட்டவர் நிமிர்ந்து பார்த்தார். "வெச்சது வெச்சதுதானுங்க, வாத்தியாரம்மா."

"எடை போடவில்லையே. ஒன்றுக்கொன்று கூடக் குறைய இருந்தால்?"

"கைக்குத் தெரியுமுங்க."

அவர் மாமிசம் சாப்பிடாதவர். இரத்த வாடை பொறுக்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஆனாலும் கடைசி இலை எடுக்கப்படும்வரை நின்றார். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும் வழியில் சட்டென்று நின்று என் கையைப் பிடித்தார்.

"பார்த்தாயா? ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. இதுதான் உன் பங்கு என்று கண்ணெதிரே வைத்துவிட்டால் இவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். கைக்கணக்கில் போட்ட பங்குக்கே இப்படி என்றால், நிஜமான கணக்கில் போட்டால்? தண்ணீரை ஏன் இப்படிப் பங்கு வைக்கக் கூடாது?"

எனக்குப் புல்லரித்தது. பொய் சொல்வானேன், இப்போது நினைத்தாலும் கொஞ்சம் புல்லரிக்கத்தான் செய்கிறது. அவர் இலைகளைப் பார்த்தார், நானும் இலைகளைத்தான் பார்த்தேன். நாய்க்காரன் தன் கூறில் பாதியைக் காய்ச்சலில் கிடந்த பக்கத்து வீட்டுக்காரனிடம் கொடுத்துவிட்டுப் போனதை, கூறு போட்டவருக்குக் கடைசியில் மிஞ்சிய எலும்பைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் தங்கள் இலையிலிருந்து எடுத்து வைத்ததை, நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. பிறகு நல்லம்மா சொல்லித்தான் தெரியும்.

நான் அப்போது வாத்தியார் பயிற்சியில் ஹையர் கிரேடு பாஸ் செய்துவிட்டு, அடிவாரத்தில் அப்பாவின் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கப் பிடிக்காமல் மலையேறி வந்திருந்தேன். தரும சங்கம் ஒன்று நடத்திய அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கு முன்பே அவர் இருந்தார். பட்டணத்தில் கணிதத்தில் பி.ஏ. வாங்கியவர். என்னைவிடப் பத்து வயதுக்குள்தான் மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிட்டேன். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து தாசில்தாரே ஏறாத கொல்லிமலைக்கு அப்படி ஒரு பெண் ஏன் வந்தார் என்று யாருக்கும் தெரியாது. ஊரார் கேட்டுப் பார்த்து அலுத்துப்போனார்கள். என்னிடம் ஒரே ஒரு தரம் சொன்னார்: "கீழே யாரும் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. ஆளுக்கு ஒரு பழைய பகை இருக்கிறது. இங்கே புதிதாக ஆரம்பிக்கலாம்." இங்கும் ஆளுக்கு ஒரு பழைய பகை இருந்தது. அவருக்குத்தான் அது கண்ணில் படவில்லை.

அவருடைய சொல் ஒன்றே ஒன்று: "எவ்வளவு?" தலைவலி என்றால் எவ்வளவு, மழை பெய்தது என்றால் எவ்வளவு, மாடு தொலைந்துவிட்டது என்றால் எவ்வளவு தூரம் தேடினீர்கள். கூரைக்கு வெளியே ஒரு புட்டியும் புனலும் வைத்து மழையைப் பிடித்தார். இடுப்பில் எப்போதும் ஓர் அடிக்கோல் செருகியிருக்கும். சேலைக் கொசுவத்தோடு அதுவும் சேர்ந்து ஆடும். ஊர்ப் பெண்கள் அவர் இல்லாதபோது 'எவ்வளவம்மா' என்பார்கள். அவருக்கும் அது தெரியும். கோபம் வராது. யாரோ தன்னைச் சரியாகக் கவனித்திருக்கிறார்கள் என்கிற மாதிரி லேசாக முகம் சிவக்கும்.

ஊற்றடியில் ஒரு காலை நல்லம்மா அவரை மடக்கினாள். மலையில் நாக்கு என்றால் அது நல்லம்மாவின் நாக்குதான். "வாத்தியாரம்மா, எம்பட ஊட்டுக்காரரு எம்மேல வெச்சிருக்கற ஆசை எத்தன வள்ளம் இருக்குமுங்க? அளந்து சொல்லுங்க பாக்கலாம்."

மற்றப் பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அவர் நிஜமாகவே யோசித்தார். "வாரத்தில் எத்தனை தரம் விறகு வெட்டிக் கொண்டுவந்து போடுகிறார்?"

"வெறகுங்களா? போன பொங்கலுக்கு ஒரு கட்டுப் போட்டாருங்க."

"அப்படியானால் ரொம்பக் குறைவு."

ஊற்றடி முழுக்கச் சிரித்தது. நல்லம்மா சிரித்துச் சிரித்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "செரியாத்தானுங்க சொல்றீங்க. ஆனா அந்த ஒரு கட்டு நல்லாக் காஞ்ச வெறகுங்க, கண்ணு. அதையுஞ் சேத்திக்குங்க." அவர் சேர்த்துக்கொள்வதாகத் தலையாட்டினார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே, அவர்கள் சிரிப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அதனால்தான் பின்னால் நடந்ததை நினைத்தால் வாய் கசக்கிறது.

அவர் சும்மா இருந்தவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கீழ்கரையில் காய்ச்சல் வருஷாவருஷம் பிள்ளைகளை வாரிக்கொண்டு போகும். சாமி கோபம் என்று கிடா வெட்டுவார்கள். இவர் வீடு வீடாக விசாரித்து, எந்தெந்த வீட்டில் காய்ச்சல் என்று ஒரு காகிதத்தில் புள்ளி வைத்தார். புள்ளிகளெல்லாம் சுவருக்கு மண் எடுத்த, மழைநீர் தேங்கிக் கொசு பெருகும் பள்ளங்களைச் சுற்றியே மொய்த்தன. "சாமிக்கு இந்தப் பள்ளத்தின்மேல் மட்டும் என்ன கோபம்?" என்று ஊர்க்கவுண்டரிடம் கேட்டார். ஊர்க்கவுண்டர் யோசித்துவிட்டு ஆள் விட்டார். பள்ளங்களைத் தூர்த்தார்கள். அடுத்த வருஷம் கீழ்கரையில் சாவுப்பறை கொட்டும் சத்தம் குறைந்தது. நல்லம்மாவின் மூன்றாவது பிள்ளை, அந்தத் தனிக்கூறு வாங்கிய பிள்ளை, தங்கியது அதனால்தான் என்று நல்லம்மாவே சொல்வாள்.

பள்ளம் தூர்ப்பதற்கு முந்தின மழைக்காலத்தில் சடையன் என்பவனின் கைக்குழந்தை காய்ச்சலில் இறந்துபோயிற்று. துக்கம் விசாரிக்கப் போனோம். அவர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, குளிர் எந்த வேளையில் வந்தது, இடையில் விட்டதா, குழந்தை எந்த மூலையில் படுத்திருந்தது என்று கேட்டார். அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். பிறகு கேட்டான்:

"இதெல்லாஞ் சொன்னா என்னங்க ஆகும்?"

"அடுத்த குழந்தை பிழைக்கும்."

"அடுத்தது பொளைக்கட்டுங்க. இதுக்கு என்ன சொல்றீங்க?"

அவர் அவனைப் பார்த்தார். "இது முடிந்துபோன கணக்கு" என்றார்.

கொடுமையாகச் சொல்லவில்லை. மிக மெதுவாக, இரக்கத்தோடுதான் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பள்ளிக்கூட வாசலுக்கு வந்ததும் அவர் கேட்டார்: "நான் வேறென்ன சொல்லியிருக்க வேண்டும்?"

"ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம், அக்கா."

"எவ்வளவு நேரம்?" என்றார். கேலி இல்லை. தெரிந்துகொள்ள விரும்பினார்.

தண்ணீருக்கு வருகிறேன். மேல்கரை, கீழ்கரை என்று இரண்டு ஊர்கள். ஓடை ஒன்று. முதலில் மேல்கரை வயல்களுக்குப் பாய்ந்து, மிச்சம் கீழ்கரைக்கு இறங்கும். கடைமடை நல்லம்மாவின் வயல். மழை பின்வாங்கிய வருஷங்களில் கீழ்கரைக்காரர்கள் தண்ணீர் கேட்கப் போவார்கள். அதற்கு ஒரு முறை உண்டு. வாடிப்போன நாற்று ஒரு பிடி பிடுங்கிக்கொண்டுபோய் மேல்கரைக்காரர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்ள வேண்டும். தண்ணீரைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. கன்றுக்குட்டியைப் பற்றிப் பேசலாம், கட்டிக்கொடுத்த மகளைப் பற்றிப் பேசலாம். வீட்டுக்காரரும் அந்த நாற்றைக் காணாத மாதிரியே பேசிக்கொண்டிருப்பார். உள்ளேயிருந்து கூழ் வரவேண்டும். வந்த கூழைக் குடித்துவிட்டால் மறுநாள் விடியும்போது மடை திறந்திருக்கும். கூழ் வராமல் இருந்ததில்லை. ஆனால் வெயில் உச்சிக்கு ஏறும்வரை காக்க வைக்கிற மகராசன்களும் உண்டு. ஒருமுறை காத்திருந்தவன் பொறுமை போய் மண்வெட்டியை எடுக்க, ஒரு மண்டை உடைந்திருக்கிறது.

"பிச்சை" என்றார் அவர். "ஓடை அவர்களுக்கும் சொந்தம்தானே? தனக்கு உரிமையுள்ளதைக் கேட்க ஒரு மனுஷி ஏன் வாசலில் உட்கார வேண்டும்?"

இதற்கு எனக்கு இன்றும் மறுப்பு இல்லை. வாசலில் உட்கார்ந்தவர்களின் முகத்தை நானும் பார்த்திருக்கிறேன்.

வேங்கைப் பலகை ஒன்றை இழைத்து ஓடைக்குக் குறுக்கே வைத்து, அதில் வயலுக்கு ஒரு வெட்டு வெட்டினார். பெரிய வயலுக்கு அகலமான வெட்டு, சின்ன வயலுக்குக் குறுகல். ஒவ்வொரு வெட்டிலிருந்தும் ஒரு தனி வாய்க்கால். வயல்களை அளக்க நாங்கள் இருவரும் ஒரு கோடை முழுக்கக் கயிறு பிடித்தோம். ஆள் காவல் வேண்டாம், கேட்க வேண்டாம், கொடுக்க வேண்டாம். ஓடையில் வருவது தானாகப் பிரிந்து போகும். இரண்டு ஊரும் பன்றியைக் கூறு போட்டபோது பார்த்த மாதிரியே பார்த்துவிட்டு, சரி என்றன. பள்ளம் தூர்க்கச் சொன்னவர் சொல்கிறார் என்றால் யார் மறுப்பார்கள்?

முதல் வருஷமும் அடுத்த வருஷமும் மலையில் தண்ணீர்ச் சண்டை இல்லை. அவர் நடையே மாறிவிட்டது. "சண்டை பூஜ்யம். எழுதிக்கொள்" என்பார். ஆனால் வாசலில் போய் உட்கார்வதும் பூஜ்யமாகிவிட்டது. கன்றுக்குட்டிப் பேச்சு இல்லை, கூழ் இல்லை. மேல்கரை அறுப்புக்குக் கீழ்கரையிலிருந்து யாரும் போகவில்லை. போக ஒரு முகாந்தரம் இல்லை. மேல்கரைப் பெரிய வயல்காரர் ஒருவர் தம் மகள் கல்யாணத்துக்குக் கீழ்கரைக்கு வெற்றிலை வைத்து அழைக்கவில்லை. கேட்டதற்கு, "மறந்துபோச்சுங்க" என்றார். அவர் மறக்கிற ஆள் இல்லை. நினைத்துக்கொள்ள அவருக்கு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

கொசுவுக்குத் தன்னைக் கணக்கெடுக்கிறார்கள் என்பது தெரியாது. பள்ளத்தை அளந்தாலும் அது பள்ளமாகவே இருக்கிறது. மனுஷரை அளந்து கையில் கொடுத்துவிட்டால், அளந்த நிமிஷத்திலிருந்து அவர் வேறு ஆளாகிவிடுகிறார். அக்காவின் கணிதத்தில் இதற்கு இடம் இல்லை. என் படிப்பிலும் இல்லை.

மூன்றாம் வருஷம் மழை கைவிட்டது. ஓடை நூலாக இறங்கியது. பலகை தன் வேலையைத் தவறாமல் செய்தது: அந்த நூலையும் வயலுக்கு ஒரு பங்காகப் பிரித்தது. பிரிந்த பங்கு எதுவும் வயல்வரை போகவில்லை, வாய்க்கால் மண்ணே குடித்துவிட்டது. இரண்டு ஊர் வயலும் ஒரே மாதிரி மஞ்சளானது. யாருக்கும் அநியாயம் நடக்கவில்லை.

இதற்கு முன்பெல்லாம் இப்படி ஒரு வருஷம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஊர்க்கவுண்டரிடம் கேட்டேன். "கடைமடைக்காரங்க உட்டுருவாங்க, சாமி" என்றார். "மேக்கரைக்காரங்க போயி ஒரு வார்த்த சொல்லுவாங்க. இவங்க செரிம்பாங்க. மொத்தத் தண்ணியும் மேலயே பாயும். அறுத்ததும் கூடை கூடையா நெல்லு கீக்கரைக்கு வந்துரும். எம்புட்டுன்னு ஆரும் பாக்க மாட்டாங்க."

நான் ஓடிவந்து அக்காவிடம் சொன்னேன். அவர் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார். காலையிலிருந்து கரும்பலகை முன்னால் நின்றவருக்கு அதே விடை வந்திருந்தது: இருக்கிற தண்ணீருக்குச் சில வயல்களை மட்டும் காப்பாற்ற முடியும், மற்ற வயல்களின் வெட்டை அடைக்க வேண்டும், கடைமடையில் தொடங்க வேண்டும். அவர் கண்கள் பளபளத்தன. "பார், அவர்கள் வழக்கமும் என் கணக்கும் ஒரே இடத்துக்கு வருகின்றன. நான் நிரூபித்துவிட்டேன்."

அன்று பிற்பகலே இரண்டு ஊரையும் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்தார். கரும்பலகையில் வயல்களை வரைந்து, எதற்கு விட்டால் எவ்வளவு மண்ணில் போகும், எவ்வளவு நெல்லாகும் என்று காட்டினார். அவ்வளவு தெளிவாக அவர் வகுப்பெடுத்து நான் பார்த்ததில்லை. நல்லம்மா இடுப்பில் பிள்ளையோடு பின்னால் நின்றிருந்தாள். அவள் புருஷன் மண்ணீரல் வீங்கி வீட்டில் படுத்திருந்தான். அந்தக் குடும்பத்துக்கு அந்த வயல் ஒன்றுதான்.

"ஏனுங்க வாத்தியாரம்மா, எம்பட வயலத்தான் மொதல்ல அடைக்கோணுங்களா?"

"ஆமாம். தண்ணீர் உன் வயலுக்கு வந்து சேர்வதற்குள் பெரும்பகுதி வீணாகிவிடுகிறது. உன் வயலுக்கு விடுவது நஷ்டம்."

"ஆருக்குங்க நட்டம்?"

"எல்லாருக்கும். உன்னையும் சேர்த்துத்தான்."

நல்லம்மா பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "காலைல வரப்புல நின்னு பாத்துட்டு, இந்த வருசம் உட்ரலாம்னு நானே நெனச்சேனுங்க. மேக்கரைக்காரங்க வந்து ஒரு வார்த்த சொன்னாங்கன்னா, எடுத்துக்குங்க சாமின்னு சொல்லோணும்னு இருந்தேன்."

அக்காவின் முகம் மலர்ந்தது. "அதைத்தானே நானும் சொல்கிறேன். இரண்டும் ஒன்றுதான்."

"ஒண்ணு இல்லீங்க." அவள் குரலில் கேலியே இல்லை, அதுதான் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. "கேட்டிருந்தா குடுத்திருப்பேனுங்க. நீங்க நான் தோத்துட்டேன்னு எழுதிக் காட்டிட்டீங்க. தோத்தவ என்னத்தக் குடுக்கறதுங்க? தோத்தவகிட்ட எடுத்துக்கறதுதான்."

"யாரும் தோற்கவில்லை. இது வெறும் கணக்கு."

"அப்பச் செரிங்க. எம்பட வெட்டுல வர்ற சொட்டு எனக்கு. நீங்கதானுங்க வெட்டிக் குடுத்தீங்க. மண்ணுல போனாலும் எம்பட மண்ணுலதான் போகுது."

மேல்கரைப் பெரிய வயல்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து அவளிடம் ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருப்பார். அவர் கரும்பலகையைப் பார்த்துவிட்டு, "வாத்தியாரம்மா கணக்குங்க. இதுல நாம சொல்ல என்ன இருக்குது" என்று வேட்டியைத் தட்டிக்கொண்டு போனார். மற்றவர்களும் போனார்கள். யாரும் எந்த வெட்டையும் அடைக்கவில்லை.

இரண்டு நாள் பார்த்தார் அக்கா. மூன்றாம் நாள் விடிந்தும் விடியாமல் கிளம்பினார். நான் பின்னாலேயே போனேன். சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கி, களிமண்ணைப் பிசைந்து, நல்லம்மாவின் வெட்டையும் அதையடுத்த கீழ்கரை வெட்டுகளையும் அடைத்தார். "அக்கா, வேண்டாம்" என்றேன். "நாற்றுக்கு இன்னும் எத்தனை நாள் உயிர் இருக்கிறது தெரியுமா?" என்றார். தெரியாது. அவருக்குத் தெரியும்.

நல்லம்மா வந்து கரையில் நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் ஏதாவது ஒரு வழி பிறந்திருக்கும்.

"இப்போது கோபப்படு" என்றார் அக்கா, கையெல்லாம் சேறாக. "அறுவடையில் உனக்குப் புரியும்."

நல்லம்மா அடைத்த வெட்டைப் பார்த்தாள். களிமண்ணை எடுக்கவும் இல்லை, ஒரு சொல் சொல்லவும் இல்லை. திரும்பி நடந்துவிட்டாள். அவளே தொடாததை நாங்கள் ஏன் தொட வேண்டும் என்று மற்றக் கீழ்கரைக்காரர்களும் விட்டுவிட்டார்கள்.

கணக்கு சரியாகத்தான் வந்தது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். மேல்கரை வயல்கள் பச்சை பிடித்தன, கதிர் விட்டன. அக்கா கரும்பலகையில் எழுதியிருந்ததற்கும் களத்தில் கிடந்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எல்லா வயலும் சேர்ந்து செத்திருக்க வேண்டிய வருஷத்தில் மலையில் நெல் விளைந்தது. அதை விளைய வைத்தது அவர்தான்.

கூடை மட்டும் கீழே வரவில்லை.

நான்தான் மேல்கரைக்குப் போய்க் கேட்டேன். பெரிய வயல்காரர் நெல்லைத் தூற்றிக்கொண்டே பதில் சொன்னார். "அவங்க உட்டுக் குடுக்கலீங்களே, கண்ணு. வாத்தியாரம்மா அடைச்சாங்க. அப்ப நாங்க ஆருக்குக் குடுக்கோணும்?"

அக்காவுக்கு இதை நம்ப முடியவில்லை. மறுநாளே வீடு வீடாகப் போனார். மேல்கரையில் ஒவ்வொரு வீடும் கீழ்கரைக்கு எவ்வளவு தரவேண்டும் என்று புதிதாக ஒரு கணக்கோடு. எல்லா வீட்டிலும் மரியாதையாக மணை போட்டார்கள். ஒரு வீட்டுப் பெண் மட்டும், "அப்பவே இதையுஞ் சேத்து எழுதியிருக்கலாமுங்களே" என்றாள். நெல் மட்டும் எந்த வீட்டிலிருந்தும் வரவில்லை. அந்தக் கோடையில் கீழ்கரை காட்டு வள்ளிக்கிழங்கைத் தோண்டித் தின்றது. நல்லம்மா புருஷனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளோடு, கங்காணி ஒருவனுக்குப் பின்னால் சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத்துக்குப் போய்விட்டாள். போகும்போது பள்ளிக்கூடத்து வழியாகப் போகவில்லை. சுற்றிக்கொண்டு போனாள்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து அக்காவும் போனார். யுத்தம் நடந்துகொண்டிருந்தது, கீழே அரிசி பங்கீட்டுக்குக் கணக்குத் தெரிந்தவர்கள் வேண்டியிருந்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று போட்டுக் கொடுக்கிற வேலை. கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். காரவள்ளிக்கு இறங்கும் பாதையின் முதல் திருப்பம்வரை நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். அங்கே நின்றார். காய்ச்சலில் மெலிந்த முகம். என்னைப் பார்க்காமல் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"நல்லம்மா போவதற்கு முன்னால் என்னைப் பற்றி என்ன சொன்னாள்?"

"ஒன்றும் சொல்லவில்லை, அக்கா."

"திட்டக்கூட இல்லையா?"

"இல்லை."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். ஏதோ ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. "அப்படியானால் அவளுக்குப் புரிந்துவிட்டது" என்றார். பெட்டியை வாங்கிக்கொண்டு இறங்கினார். நான் கூப்பிட்டுத் திருத்தவில்லை. எதைச் சொல்லித் திருத்துவது?

அவரை வெறுக்க நான் முயன்று பார்த்திருக்கிறேன், முடியவில்லை. ஊரில் தப்பிப் பிழைத்த பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். மன்னிக்கவும் முயன்றேன், அதுவும் முடியவில்லை. பலகை இன்னும் ஓடையில் இருக்கிறது. எடுத்துவிடலாமா என்று போன மாதம் இரண்டு ஊரிலும் கேட்டேன். பதறிப்போனார்கள். "அதெப்பிடீங்க, எம்பட வெட்டு என்னாகறது?" என்றார்கள். அது மட்டும் இல்லை. பொதுப் பலாமரங்களையும் கிளை கிளையாகப் பங்கு வைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். அக்கா இல்லாததால் என்னை. எனக்கும் கயிறு பிடிக்கத் தெரியுமே.

நல்லம்மாவின் வயல் தரிசாகக் கிடக்கிறது. தொடர்ந்து மூன்று வருஷம் உழாத வயலுக்குச் சொந்தக்காரர் கிடையாது என்பது மலை வழக்கம். அது ஊருக்குப் போய்விடும். இது மூன்றாவது வருஷம். மேல்கரைப் பெரிய வயல்காரர் சாயங்காலங்களில் அந்த வரப்பில் நடக்க ஆரம்பித்திருக்கிறார். ஆடிக்குள் அவளே வந்து ஒரு சால் உழுதால் போதும்.

நாளைக் காலையில் சேர்வராயன் மலைக்குப் புறப்படுகிறேன். எந்தத் தோட்டம் என்று கங்காணியின் தம்பி சொல்லியிருக்கிறான். அவளைப் பார்த்ததும் என்ன சொல்வது என்று ஒரு வாரமாக ஒத்திகை பார்க்கிறேன். இத்தனை தண்ணீர் வரும், இத்தனை நெல் விளையும் என்று நான் ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுவாள். மேல்கரைக்காரர்கள் கூப்பிட்டார்கள் என்று சொல்லலாம், யாரும் கூப்பிடவில்லை. தோட்டத்தில் அவளுக்கு வாரக்கூலி வருகிறது, இங்கே வந்தால் அதுவும் இல்லை. எந்தப் பக்கம் கூட்டிப் பார்த்தாலும் அவள் வரக் கூடாது என்றுதான் வருகிறது. "எதுக்குங்க நான் வரோணும்?" என்று கேட்பாள், அன்று பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு பேசிய மாதிரியே. காரணம் ஒன்றும் கையில் இல்லாமல் ஒருத்தியை வா என்று கூப்பிடுவது எப்படி என்று இறக்கம் முழுக்க யோசித்துக்கொண்டு போக வேண்டும்.